இரண்டாவது முறை அழுத்தியவர்

"பணம் செலுத்தப்படுகிறது. தயவுசெய்து பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்யாதீர்கள், பேக் பட்டனை அழுத்தாதீர்கள்." இந்த வாசகத்தைப் பார்க்காமல் ஒரு மின்கட்டணமோ ரயில் டிக்கெட்டோ தேர்வுக் கட்டணமோ இணையத்தில் கட்டியவர் நம் ஊரில் இருக்க மாட்டார். நடுவில் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு வட்டம், அதற்குக் கீழே இந்த வேண்டுகோள்.

எனக்கு ரொம்ப நாளாக இதில் ஒரு உறுத்தல். மளிகைக் கடைக்காரர் ஒருவர் கல்லாவுக்கு மேலே "ஒரே பில்லுக்கு இரண்டு தடவை காசு கொடுத்துவிடாதீர்கள், கொடுத்தால் இரண்டையும் வாங்கிப் போட்டுக்கொள்வோம்" என்று எழுதி மாட்டினால் நாம் சும்மா இருப்போமா? இணையத்தில் மட்டும் ஏன் தலையாட்டிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறோம்?

இந்த வேண்டுகோள் எதனால் வந்தது, இதற்கு மாற்றாக யார் யார் எப்போது என்ன யோசித்தார்கள் என்று கொஞ்ச நாளாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் இங்கே கோத்திருக்கிறேன். நிரல் எழுதுகிறவர்களுக்கு மட்டுமான பதிவு இல்லை. ஃபார்ம் நிரப்பிய யாரும் படிக்கலாம்.

முதல் குறிப்பு கணினிக்கு ரொம்ப முன்னால் போகிறது, பாய்மரக் கப்பல் காலத்துக்கு. கடல் கடந்து பணம் அனுப்ப ஐரோப்பிய வணிகர்கள் மாற்றுச்சீட்டு எழுதுவார்கள். இன்ன தொகையை இன்னாருக்குக் கொடு என்று தூரத்தில் இருக்கும் கூட்டாளிக்கு இடும் கட்டளை அது. கப்பல் மூழ்கினால் சீட்டும் மூழ்கும். அதனால் ஒரே சீட்டை இரண்டு மூன்று படிகளாக எழுதி, வேறு வேறு கப்பலில் அனுப்புவார்கள். சரி, மூன்றும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டால்? மூன்று தடவை பணம் போய்விடாதா?

போகாது. ஒவ்வொரு படியிலும் இது முதல் படி, இது இரண்டாம் படி என்று எண் இருக்கும். மற்ற படிகளுக்கு இதுவரை பணம் கொடுக்கப்படாமல் இருந்தால் மட்டும் இதற்குக் கொடு என்ற நிபந்தனையும் கூடவே இருக்கும். நம் நாட்டு 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் (செக் பவுன்ஸ் வழக்கென்றால் 138-ஆம் பிரிவு என்று காதில் விழுமே, அதே சட்டம்தான்) 132-ஆம் பிரிவைப் பாருங்கள். படிகள் எத்தனை இருந்தாலும் எல்லாம் சேர்ந்து ஒரே சீட்டுதான், ஒன்று தீர்ந்தால் முழுத் தொகுப்பும் தீர்ந்தது என்கிறது. அடுத்த ஆண்டு வந்த இங்கிலாந்துச் சட்டத்திலும் இதே ஏற்பாடு உண்டு. உண்டியல் வணிகத்திலும் இது இருந்தது. அசல் உண்டி தொலைந்தால் 'பைட்', அதுவும் தொலைந்தால் 'பர்பைட்' என்று வட இந்திய வணிகர்கள் அடுத்தடுத்த படி எழுதிக் கொடுப்பார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த வணிகர்கள் இரண்டாவது தடவை அனுப்புவதைத் தடுக்கவே இல்லை. தாராளமாக அனுப்பு, வாங்குகிற இடத்தில் அது பழைய சீட்டின் மறுபடிதான் என்று தெரிந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். இந்தப் பதிவில் வரப்போகும் நல்ல தீர்வுகள் எல்லாமே இந்த யோசனையின் வாரிசுகள். மோசமான தீர்வுகள் எல்லாமே அனுப்புகிறவர் கையைப் பிடித்துக்கொள்ளும் வகை.

அடுத்து ஒரே தாவலாக 1969. இங்கிலாந்தில் டெடிங்டன் என்ற ஊரில் தேசிய இயற்பியல் ஆய்வகம். அங்கே பார்ட்லெட், ஸ்கான்டில்பரி, வில்கின்சன் என்ற மூவர் ஒரு சின்னக் கட்டுரை எழுதுகிறார்கள். இரைச்சலும் பிழையும் உள்ள கம்பியில் இரண்டு கணினிகள் எப்படி நம்பகமாகப் பேசுவது என்பது கேள்வி. ஒரு செய்தி அனுப்பினேன், 'வந்தது' என்ற பதில் வரவில்லை. என்ன நடந்திருக்கும்? செய்தியே போகாமல் இருந்திருக்கலாம். செய்தி போய், பதில் வழியில் தொலைந்திருக்கலாம். இரண்டுமே பத்திரமாக இருந்து, தாமதம் மட்டும் ஆகியிருக்கலாம். அனுப்பியவர் இடத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும்: மௌனம்.

அவர்கள் சொன்ன வழி, ஒவ்வொரு செய்தியோடும் ஒரே ஒரு பிட் சேர்த்து அனுப்பு என்பதுதான். முதல் செய்திக்கு 0, அடுத்ததற்கு 1, மறுபடி 0. பதில் வராவிட்டால் அதே பிட்டோடு அதே செய்தியைத் திரும்ப அனுப்பு. வாங்குகிறவர் 0 வாங்கிய பிறகு மறுபடி 0 வந்தால், இது பழசு என்று செய்தியைத் தூக்கிப் போட்டுவிட்டு, 'வந்தது' என்ற பதிலை மட்டும் இன்னொரு தடவை அனுப்புவார். கடைசி வாக்கியம் முக்கியம். தூக்கிப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் அனுப்பியவர் ஆயுசுக்கும் அனுப்பிக்கொண்டே இருப்பார். மறுபடி வந்தவருக்கும் முதலில் வந்தவருக்குச் சொன்ன அதே பதிலைச் சொல்ல வேண்டும். 50 வருடத்துக்குப் பிறகும் நிறைய இணையதளங்கள் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

இந்த மௌனத்தை அடியோடு ஒழிக்க முடியுமா என்றும் ஆராய்ந்திருக்கிறார்கள். அக்கொயுன்லு, ஏகநாதம், ஹூபர் மூவரும் 1975-ல் எழுதிய கட்டுரையில், தூது மட்டுமே வழி என்றால் இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தில் முழு உறுதிக்கு வரவே முடியாது என்று காட்டினார்கள். எந்தப் பதிலுக்கும் ஒரு பதில் தேவைப்படும், அதற்கும் ஒரு பதில். அவர்கள் கதையில் வந்தவர்கள் ரவுடிக் கும்பல்கள். 1978-ல் ஜிம் கிரே அவர்களுக்கு ராணுவ உடுப்பு மாட்டி 'இரு தளபதிகள்' என்று பெயர் வைத்தார், அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. எனக்கென்னவோ ரவுடிகள்தான் பொருத்தம் என்று படுகிறது.

பிறகு 1984. இந்த வருடம் ஒரே ஆய்விதழில் இரண்டு கட்டுரைகள். பிப்ரவரியில் ஜெராக்ஸ் ஆய்வு மையத்தின் ஆண்ட்ரூ பிரெல், புரூஸ் நெல்சன் எழுதியது, தூரத்தில் உள்ள கணினியில் ஒரு வேலையைச் செய்யச் சொல்லி அழைப்பது எப்படி என்பது பற்றி. ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு அடையாள எண் கொடுத்து, மறுபடி வரும் பொட்டலங்களை அதை வைத்துக் கண்டுபிடித்து விலக்கினார்கள். அதோடு அழைப்பவருக்கு என்ன உத்தரவாதம் தரமுடியும் என்பதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். பதில் திரும்பி வந்தால், வேலை சரியாக ஒரு தடவை நடந்திருக்கிறது. பதிலுக்குப் பதில் பிழை வந்தால், ஒரு தடவை நடந்திருக்கலாம், நடக்காமலும் இருந்திருக்கலாம், எது என்று உனக்குச் சொல்லப்படாது.

இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். "பரிவர்த்தனை நிலுவையில் உள்ளது" என்று நம் போன் காட்டும்போது அது சொல்வது வார்த்தைக்கு வார்த்தை இதுதான்.

நவம்பரில் வந்த இன்னொரு கட்டுரை சால்ட்சர், ரீட், கிளார்க் மூவருடையது. வலைப்பின்னல் வடிவமைப்பில் இதை மேற்கோள் காட்டாதவர் இல்லை. நடுவில் இருக்கும் கம்பிகளும் பெட்டிகளும் எவ்வளவு புத்திசாலித்தனம் செய்தாலும், சில காரியங்களை இரண்டு முனைகளில் இருக்கும் பயன்பாடுகள்தான் சரியாக முடிக்க முடியும் என்பது அதன் வாதம். அதற்குக் கொடுத்த உதாரணங்களில் ஒன்று இரட்டைச் செய்தியைத் தடுப்பது. தூரத்திலிருந்து ஒரு கணினியில் நுழைய முயலும் ஒருவர், பதிலே வரவில்லையே என்று குழம்பி, மறுபடி புதிதாக நுழைய முயல்கிறார். கம்பிக்கு இது இரட்டை என்று தெரிய வாய்ப்பே இல்லை. அதைப் பொறுத்தவரை இரண்டும் தனித்தனியான, சுத்தமான, புதிய செய்திகள். இரண்டும் ஒரே மனிதரின் ஒரே விருப்பம் என்று தெரிந்துகொள்ள வேண்டியது பயன்பாட்டின் வேலை.

இணைய ஃபார்ம் பிறப்பதற்குப் பல வருடம் முன்பே, அதை இரண்டு தடவை அழுத்தப்போகும் ஆளை அவர்கள் பார்த்துவிட்டார்கள். அவரைத் திட்டவும் இல்லை. குழம்பியவர் என்றுதான் எழுதினார்கள், முட்டாள் என்று எழுதவில்லை.

என் அக்கா மகள் ஒரு தேர்வுக்கு விண்ணப்பித்தபோது நடந்ததைச் சொல்கிறேன். வட்டம் சுற்றியது, பக்கம் வெள்ளையானது, வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வரவில்லை. கடைசித் தேதி அன்று இரவு. கட்டணம் போகாவிட்டால் ஒரு வருடம் போச்சு. மறுபடி கட்டினாள். காலையில் பார்த்தால் இரண்டு தடவை பணம் கழிந்திருக்கிறது, விண்ணப்ப எண் ஒன்றேதான். உதவி மையத்துக்கு எழுதினால், ஒரு முறை மட்டுமே அழுத்தவும் என்று பக்கத்திலேயே அறிவுறுத்தியிருக்கிறோமே என்று பதில் வந்தது. பணம் திரும்பி வர மூன்று மாதம் ஆச்சு. எண்ணிப் பாருங்கள், அந்த இரவில் அவளுக்கு வேறு என்ன வழி இருந்தது? அழுத்தாமல் இருந்து, முதல் கட்டணம் போயிருக்காவிட்டால், அறிவுறுத்தலைக் கடைப்பிடித்ததற்காக யாரும் தேர்வு எழுத விட்டிருக்க மாட்டார்கள்.

சரி, இணையத்துக்கு வருவோம்.

1993 வாக்கில் மொசைக் உலாவியில் ஃபார்ம் நிரப்பும் வசதி வந்தது. 1995 நவம்பரில் டிம் பெர்னர்ஸ்-லீயும் டான் கானலியும் எழுதிய எச்.டி.எம்.எல் 2.0 தர ஆவணம், ஆர்.எஃப்.சி 1866, வெளியானது. அதிலேயே ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். ஃபார்மை அனுப்புவதால் உலகத்தில் எதுவும் மாறாது, தேடிப் பார்ப்பது மட்டும்தான் என்றால் 'கெட்' முறையில் அனுப்பு. தரவுத்தளம் மாறும், சந்தா சேரும் என்ற மாதிரி பின்விளைவு இருந்தால் 'போஸ்ட்' முறையில் அனுப்பு. முதல் வகைக்கு அவர்கள் பயன்படுத்திய சொல் 'ஐடெம்பொட்டன்ட்'.

இந்தச் சொல் கணிதத்திலிருந்து வந்தது. அமெரிக்கக் கணித அறிஞர் பெஞ்சமின் பீர்ஸ் 1870-ல் உருவாக்கினார். தன்னைத் தன்னாலேயே பெருக்கினாலும் மாறாமல் அப்படியே இருக்கும் உறுப்புக்கு வைத்த பெயர். 1-ஐ 1-ஆல் பெருக்கினால் 1 வருவது மாதிரி. கணினிக்காரர்கள் கொஞ்சம் நீட்டி, எத்தனை தடவை செய்தாலும் ஒரு தடவை செய்ததற்குச் சமமான காரியம் என்று ஆக்கிக்கொண்டார்கள். கதவைச் சாத்து என்பது ஐடெம்பொட்டன்ட். சாத்திய கதவை மறுபடி சாத்தச் சொன்னால் ஒன்றும் கெடாது. உண்டியலில் நூறு ரூபாய் போடு என்பது அப்படி இல்லை.

ஆக, போஸ்ட் என்றால் ஆபத்து என்று உலாவிக்குத் தெரியும். போஸ்ட் செய்து வந்த பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தால் "மறுபடியும் அனுப்பட்டுமா?" என்று ஒரு பெட்டி வந்து கேட்கும். கேட்பது சரி, யாரிடம் கேட்கிறது? பதில் தெரிய வாய்ப்பே இல்லாத ஒரே ஆளிடம்.

இதற்கு வந்த முதல் நல்ல வைத்தியம் ஒரு பிழையிலிருந்து பிறந்தது. 1996 மே மாதத்து எச்.டி.டி.பி 1.0 ஆவணத்தில் 302 என்று ஒரு பதில் குறியீடு. "நீ கேட்டது தற்காலிகமாக வேறு முகவரியில் இருக்கிறது" என்று அர்த்தம். போஸ்ட்டுக்குப் பதிலாக 302 வந்தால், பயனரைக் கேட்காமல் புதிய முகவரிக்குத் தானாகப் போகக் கூடாது என்று விதி. ஆனால் நடைமுறையில் இருந்த சில உலாவிகள் கேட்காமலே போயின. அதுவும் போஸ்ட்டை கெட்டாக மாற்றிக்கொண்டு போயின. இது தவறு என்று அந்த ஆவணமே ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறது.

தவறுதான், ஆனால் என்ன அழகான தவறு! சர்வர் போஸ்ட்டை வாங்கி வேலையை முடிக்கிறது. 'நன்றி' பக்கத்தைத் தானே தராமல், "அந்த முகவரிக்குப் போய்ப் பார்" என்கிறது. உலாவி கெட் செய்து அந்தப் பக்கத்தைக் கொண்டுவருகிறது. இப்போது பயனர் முன் இருப்பது கெட்டில் வந்த பக்கம். ரெஃப்ரெஷ் பட்டனை நூறு தடவை அழுத்தினாலும் 'நன்றி' மட்டும்தான் நூறு தடவை வரும். 1997 ஜனவரியில் வந்த எச்.டி.டி.பி 1.1 இந்த நடத்தைக்கென்றே 303 என்று தனிக் குறியீடு கொடுத்தது. 1999-ன் திருத்தத்தில், முறையை மாற்றாமல் போ என்று சொல்ல 307 வந்தது. இருந்தும் எல்லோரும் 302-ஐயே பயன்படுத்தினார்கள். கடைசியில் 2014-ன் திருத்தத்தில், வரலாற்றுக் காரணங்களால் 302-க்கு போஸ்ட்டை கெட்டாக மாற்றலாம் என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள். பதினெட்டு வருடத்தில் பிழை, விதி ஆகிவிட்டது.

இந்த உத்திக்கு ஊரறிந்த வடிவம் கொடுத்தவர் மைக்கேல் ஜூராவ்லெவ். 2004 ஆகஸ்டில் ஜாவா நிரலாளர்கள் கூடும் 'தி சர்வர் சைட்' தளத்தில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். போஸ்ட், ரீடைரக்ட், கெட் என்று இன்றைக்கு எல்லாப் பாடத்திலும் வருவது அதிலிருந்துதான். ஆனால் இந்த உத்திக்கு ஒரு எல்லை உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. வேலை முடிந்து பதில் வந்த *பிறகு* ரெஃப்ரெஷ் செய்கிறவரை இது காப்பாற்றும். பதில் வருவதற்கு *முன்* பொறுமையிழந்து இரண்டாம் தடவை அழுத்துகிறவரை, அதாவது சால்ட்சர் கட்டுரையின் அந்தக் குழம்பிய ஆளை, இது தொடவே தொடாது.

அவருக்கு என்ன செய்தார்கள்? பெரும்பாலோர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். 1996-ல் நெட்ஸ்கேப் 2.0 ஜாவாஸ்கிரிப்டைக் கொண்டுவந்தது. 1997 இறுதியில் எச்.டி.எம்.எல் 4.0, பட்டனை முடக்கி வைக்கும் வசதியைத் தரப்படுத்தியது. ஒரு தடவை அழுத்தியதும் பட்டன் சாம்பல் நிறமாகிவிடும். பார்க்க நன்றாக இருக்கும், அவசரக்காரர்களில் நிறையப் பேரைத் தடுக்கவும் செய்யும். ஆனால் கோரிக்கை வழியில் தொலைந்துபோனால் பட்டன் செத்தது செத்ததுதான், அழுத்த வேண்டிய ஆளும் அழுத்த முடியாது. பக்கத்தைப் புதிதாகத் திறந்தால் பட்டன் உயிரோடு வரும், இரட்டைக் கட்டணமும் கூடவே வரும். இது கதவுக்குப் போடும் திரைச்சீலை. இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பூட்டு என்று மட்டும் நினைக்கக் கூடாது.

கப்பல் வணிகர்களின் யோசனையை இணையத்துக்கு முதலில் கொண்டுவந்தவர்களில் ஒருவராக நான் வைப்பது பிலிப் கிரீன்ஸ்பனை. 90-களின் இறுதியில், எம்.ஐ.டி.யைச் சேர்ந்த இவரும் இவருடைய ஆர்ஸ்டிஜிட்டா நிறுவனமும் ஆரக்கிள் தரவுத்தளத்தின் மேல் இணையதளங்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் செய்தது ரொம்ப எளிது. ஃபார்மைக் *காட்டும்போதே*, பின்னால் சேமிக்கப்போகும் வரிசைக்கான முதன்மை எண்ணைத் தரவுத்தளத்திடமிருந்து வாங்கி, ஃபார்முக்குள் மறைத்து வைத்துவிடுவார்கள். பயனர் இரண்டு தடவை அழுத்தினால் இரண்டும் ஒரே எண்ணோடு வரும். முதலாவது சேமிக்கப்படும். இரண்டாவதை, இந்த எண் ஏற்கெனவே இருக்கிறதே என்று தரவுத்தளமே மறுத்துவிடும். நிரல் அந்த மறுப்பைப் பிடித்து, "ஓ, ஏற்கெனவே ஆச்சா" என்று புரிந்துகொண்டு, அதே 'நன்றி' பக்கத்துக்கு அனுப்பிவிடும். பயனருக்கு எதுவும் தெரியாது. 1969-ன் அந்த ஒற்றை பிட், ஒரு முழு எண்ணாக வளர்ந்து வந்திருக்கிறது.

ஜாவா உலகம் அதை வேறு விதமாகச் செய்தது. கிரெய்க் மெக்லனஹன் 2000-ல் தொடங்கிய ஸ்ட்ரட்ஸ் சட்டகத்தில் டோக்கன் என்ற ஏற்பாடு. ஆஸ்பத்திரி டோக்கன் மாதிரியேதான். ஃபார்மோடு ஒன்று கொடுப்பார்கள், சர்வர் ஒரு படியை வைத்துக்கொள்ளும். ஃபார்ம் திரும்பி வரும்போது இரண்டும் பொருந்தினால் வேலை நடக்கும், அந்தக் கணமே டோக்கன் கிழிக்கப்படும். இரண்டாவது கோரிக்கை கிழிந்த டோக்கனோடு வந்து நிற்கும். 2001-ல் வந்த 'கோர் ஜே2இஇ பேட்டர்ன்ஸ்' புத்தகம் இதற்கு 'சிங்க்ரனைசர் டோக்கன்' என்று பெயர் சூட்டியது.

டோக்கனில் ஒரு நுணுக்கம். பொருந்துகிறதா என்று பார்ப்பதும் கிழிப்பதும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும். ஐந்தில் ஒரு நொடி இடைவெளியில் இரண்டு கோரிக்கைகள் வந்தால், முதலாவது 'பொருந்துகிறது' என்று பார்த்துவிட்டுக் கிழிக்கப் போவதற்குள் இரண்டாவதும் பார்த்துவிடும். இரண்டுமே உள்ளே. ஒரே கவுன்டரில் இரண்டு குமாஸ்தாக்கள், ஒருவர் டோக்கனைப் படிக்கிறார், இன்னொருவரும் எட்டிப் பார்த்துப் படிக்கிறார், கிழிக்கத்தான் யாரும் இன்னும் கை வைக்கவில்லை. கிரீன்ஸ்பன் வழியில் இந்தத் தொல்லை இல்லை. ஒரே எண் இரண்டு தடவை நுழைய முடியாது என்பதைத் தரவுத்தளமே காக்கிறது. அதனால்தான் இன்றைக்கும் யாராவது என்னிடம் கேட்டால், மேலே என்ன அலங்காரம் செய்தாலும் அடியில் ஒரு தனித்துவக் கட்டுப்பாடு இருக்கட்டும் என்கிறேன்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். இன்றைய சட்டகங்களில் எல்லா ஃபார்மிலும் ஒரு மறைவான டோக்கன் தானாகவே வருகிறது. அது வேறு தளத்திலிருந்து போலிக் கோரிக்கை வருவதைத் தடுக்க. பெரும்பாலும் ஒருவர் உள்ளே இருக்கும் நேரம் முழுக்க அதே டோக்கன் செல்லும், எனவே இரட்டைக் கோரிக்கைக்கு எந்தத் தடையும் இல்லை. அந்தத் துறையில் 'டபுள் சப்மிட் குக்கீ' என்று ஒரு உத்தி வேறு இருக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதற்கும் நம் விஷயத்துக்கும் சம்பந்தமே இல்லை.

"ஏங்க, இவ்வளவு எதுக்கு? ஒரே ஆள், ஒரே தொகை, ஒரு நிமிஷத்துக்குள்ள ரெண்டு தடவை வந்தா ரெண்டாவதைத் தள்ளிட வேண்டியதுதானே?" நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் மொய் நோட்டை யோசித்துப் பாருங்கள். "முருகன், திருமங்கலம், ரூ.500" என்று அடுத்தடுத்து இரண்டு வரி இருந்தால், எழுதுகிறவர் கவனக்குறைவாக இரண்டு தடவை எழுதினாரா, அல்லது திருமங்கலத்திலிருந்து இரண்டு முருகன் வந்தார்களா? நோட்டை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. தப்பாக ஒன்றை அடித்துவிட்டால் ஒரு முருகன் வாழ்நாள் பகையாளி. அதனால்தான் அனுபவமுள்ள மொய் எழுதுகிறவர் தகப்பன் பெயரையும் இன்ன தெரு என்பதையும் கேட்டு எழுதுகிறார். உள்ளடக்கம் ஒன்றாக இருப்பது வேறு, காரியம் ஒன்றாக இருப்பது வேறு. மதியம் ஒரு தடவை, ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை ஒருவருக்கு 500 ரூபாய் அனுப்ப எனக்கு நிஜமாகவே காரணம் இருக்கலாம். இது புதிய விருப்பமா பழைய விருப்பத்தின் மறுபடியா என்பது அனுப்புகிறவர் பக்கத்தில்தான் தெரியும். அங்கே, விருப்பம் உருவாகும் இடத்தில், எண் கொடுக்க வேண்டும்.

இதை எச்.டி.டி.பி.க்குள்ளேயே பொது விதியாக்க முயற்சிகள் நடந்தன. 2005-ல் மார்க் நாட்டிங்ஹம் 'போஸ்ட் ஒன்ஸ் எக்ஸாக்ட்லி' என்று ஒரு வரைவு எழுதினார். ஒரு முகவரிக்கு ஒரே ஒரு போஸ்ட்தான் செல்லும், இரண்டாவது வந்தால் மறுப்பு. அது வரைவாகவே நின்றுபோனது.

கடைசியில் வழி காட்டியது பணம் வாங்கும் தொழில்தான். ஸ்ட்ரைப் என்ற கட்டண நிறுவனம், கடைக்காரர்களின் சர்வர்கள் தன்னிடம் அனுப்பும் கோரிக்கைகளின் தலைப்பில் 'ஐடெம்பொட்டன்சி கீ' என்று ஒன்றைச் சேர்க்கச் சொன்னது. அனுப்புகிறவரே ஒவ்வொரு காரியத்துக்கும் தற்செயலான ஒரு நீண்ட சரத்தை உருவாக்கிக்கொள்வார், 255 எழுத்துக்குள். பதில் வராவிட்டால் பயமில்லாமல் அதே சாவியோடு மறுபடி அனுப்பலாம். முதல் தடவை வந்த பதிலை ஸ்ட்ரைப் பத்திரமாக வைத்திருந்து, அதையே அப்படியே திருப்பித் தரும். அதே சாவியோடு தொகையை மட்டும் மாற்றி அனுப்பினால் பிழை என்று சொல்லும். இந்தக் கடைசி விதி எனக்கு ரொம்பப் பிடித்தது. முதல் படியில் நூறு பவுன், இரண்டாம் படியில் இருநூறு பவுன் என்று இருந்தால் லண்டன் வணிகர் என்ன செய்வாரோ அதேதான்.

நம் நாட்டில் இந்த மௌனத்துக்கு ஒரு விலையே குறித்திருக்கிறார்கள். கணக்கில் பணம் கழிந்து, எதிர்ப்பக்கம் காரியம் நடக்காத பரிவர்த்தனைகள் பற்றி ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் கழிந்திருந்தால் ஐந்து நாளுக்குள் வங்கி தானாகவே திருப்ப வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளர் புகார் கொடுக்கும்வரை காத்திருக்கவும் கூடாது. பிரெலும் நெல்சனும் "எது என்று சொல்லப்படாது" என்று எழுதிய அந்த இருட்டுக்கு ஒரு வங்கி நிர்வாகம் கெடு வைத்திருப்பது நல்ல விஷயம்தான். ஆனால் இது நடக்காமல் போன காரியத்துக்கான மருந்து. என் அக்கா மகளுக்கு நடந்த மாதிரி, இரண்டுமே வெற்றிகரமாக நடந்துவிட்டால் கணினிக் கணக்கில் எதுவும் தோல்வி இல்லை. இரண்டு சுத்தமான, முழுமையான கட்டணங்கள். அங்கே ஃபார்ம் எழுதியவர் கொடுக்காமல் விட்ட அந்த ஒரு எண்ணைத் தவிர வேறு எதுவும் காப்பாற்றியிருக்காது.

2021-ல் ஜெயதேபா ஜேனாவும் சஞ்சய் தலாலும் இந்தச் சாவித் தலைப்பை எல்லோருக்கும் பொதுவான தரமாக்க, இணையப் பொறியியல் பணிக்குழுவின் பிரிவொன்றில் ஒரு வரைவு வைத்தார்கள். அதில் எனக்கு ஆர்வமூட்டிய பகுதி பிழைக் குறியீடுகள். சாவி கேட்கிற இடத்துக்குச் சாவி இல்லாமல் வந்தால் 400. பழைய சாவியோடு வேறு உள்ளடக்கம் வந்தால் 422. முதல் கோரிக்கை இன்னும் முடியாமல் ஓடிக்கொண்டிருக்கும்போது அதே சாவியோடு இரண்டாவது வந்து நின்றால் 409. அதாவது, "உங்கள் வேலைதான் நடந்துகொண்டிருக்கிறது, கொஞ்சம் இருங்கள்."